நாக்கில் வைத்துப் பார்த்த சோப்பு

முதலில் டீயைக் குடியுங்கள், சார். ஆறிப்போனால் நன்றாக இருக்காது. மேஜையில் ஈரம் இருந்தால் சொல்லுங்கள், துடைத்துவிடுகிறேன். நீங்கள் கையெழுத்து வாங்கக் கொண்டுவந்திருக்கும் தாள் நனைந்துவிடக் கூடாது.

மிளகாயைப் பற்றிக் கேட்டீர்கள். அது சந்தையில் அவளுக்கு வைத்த பெயர், நான் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பழைய மண்டபத்தில் முப்பது மேஜை போடுவோம். கையால் செய்த பொருள் மட்டும்தான் விற்கலாம். மெழுகுவர்த்திக்காரர், பின்னல் பொம்மைக்காரி, தோல்பை தைக்கிறவர் என்று எல்லோரும் வருவார்கள். சோப்புக்கு இரண்டு மேஜை. ஒன்று பதினோரு வருஷமாக என்னுடையது. பக்கத்து மேஜைக்கு அவள் வந்து மூன்று வருஷம் ஆகிறது.

வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். விலையைக் குறைக்கச் சொன்னால், "உங்க முதலாளி சம்பளத்தைக் குறைச்சா சும்மா இருப்பீங்களா?" என்பாள். ஒவ்வொரு சோப்பாக எடுத்து முகர்ந்துகொண்டே நிற்கிறவரிடம், "மூக்காலயே குளிச்சிட்டுப் போயிடாதீங்க, ஒண்ணாவது வாங்குங்க" என்பாள். ஆனாலும் கூட்டம் அவள் மேஜையில்தான். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று மெழுகுவர்த்திக்காரர் அடிக்கடி சொல்வார். அப்படியென்றால் கோபமே வராதவர்களுக்கு என்ன இருக்குமாம்? அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் சங்கடப்படுவார்.

என் சுபாவம் வேறு, சார். யாருக்கும் முகம் சுளிக்கத் தெரியாது. பொம்மைக்காரி கோணல் காதோடு ஒரு முயல் பின்னினாலும் அழகாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். சொல்வதில் நமக்கு என்ன செலவு?

போன வருஷம் ஒரு ஞாயிறு என் மருமகள் பேரனைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வந்திருந்தாள். வாங்க வந்த அம்மாள் ஒருத்தி, இரண்டு மேஜைச் சோப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். மிளகாய் முந்திக்கொண்டாள். "அக்கா சோப்பு அக்கா பேச்சு மாதிரி. நுரை நிறைய வரும், அழுக்கு போகாது."

அந்த அம்மாள் சிரித்தாள். மெழுகுவர்த்திக்காரர் சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்தேன். என் மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அந்த மாதமே எங்கள் வீட்டுக் குளியலறையில் மிளகாயின் சோப்பு வந்து உட்கார்ந்தது. "சும்மா மாத்திப் பாக்கலாமேன்னுதான், அத்தை" என்றாள் மருமகள். சோப்புப் பெட்டியைக்கூட நானே கழுவி வைத்தேன்.

இப்போது தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெயோடு காஸ்டிக் சோடாவைக் கலந்துதான் சோப்புக் காய்ச்சுகிறோம். அதை நாங்கள் காரம் என்போம். அளவு சரியாக இருந்தால் ஆறு வாரத்தில் காரம் அடங்கிவிடும். கூடிவிட்டால் அடங்காது, தோலை அரிக்கும். அடங்கிவிட்டதா என்று பார்க்கப் பழைய ஆட்கள் சோப்பை நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார்கள். சுரீர் என்று பிடித்தால் அந்தத் தடவை காய்ச்சியதை, அந்தக் காய்ச்சல் முழுவதையும், கொட்டிவிட வேண்டியதுதான். நானும் அப்படித்தான் பார்ப்பேன், அவளும் அப்படித்தான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவள் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினாள். அதற்குப் பிறகு நாக்கு மரத்துப்போனது மரத்ததுதான். மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. என்னிடம் மட்டும் வந்து சொன்னாள்.

"அக்கா, வெளிய சொல்லிடாதீங்க. சோப்பை வெச்சா கல்லை வெச்ச மாதிரி இருக்கு. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். இங்க வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

அதற்கென்னம்மா என்றேன். அதிலிருந்து ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாள். நானும் தவறாமல் பார்த்தேன். முதல் நான்கு சுத்தமாக இருந்தன. நல்லா இருக்கும்மா என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பிறகு அவளுடைய சின்னத் தராசு மேஜையிலிருந்து விழுந்தது. காரம் அளப்பதற்கென்றே வைத்திருந்த தராசு அது. எடுத்துக் கொடுத்தது நான்தான். ஒரு மூலை நசுங்கியிருந்தது. "அதெல்லாம் வேலை செய்யும், அக்கா" என்று பையில் போட்டுக்கொண்டாள். ஐந்தாவது துண்டை நாக்கில் வைத்தபோது லேசாகக் கடித்தது. நல்லா இருக்கும்மா என்றேன்.

அந்தக் காய்ச்சலை வாங்கின இரண்டு பேர் கை அரிக்கிறது என்று திரும்பி வந்தார்கள். அவள் விடவில்லை. "பாத்திரம் தேய்க்கிற பொடியில கையை விட்டுட்டு என் சோப்பைச் சொல்லாதீங்க" என்று அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

ஆறாவது காய்ச்சல்தான் உங்களை இங்கே வரவழைத்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் புதுத் தாய்மாருக்கு ஒரு பை கொடுப்பார்கள். அதில் வைக்க நாற்பது குழந்தைச் சோப்புக் கேட்டிருந்தார்கள். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மெனக்கெட்டுச் செய்திருந்தாள், பால் நிறத்தில், மூலையெல்லாம் உருட்டி. பார்க்க லட்சணமாகவே இருந்தது.

நாக்கில் வைத்தேன். நல்லா இருக்கும்மா என்றேன்.

அவள் போகாமல் நின்றாள். "பச்சைக் குழந்தைங்களுக்குப் போகுது, அக்கா. இன்னொரு தடவை பாத்திடுங்க." அவள் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதே இல்லை. இன்னொரு தடவை வைத்தேன். இன்னொரு தடவை சொன்னேன்.

சந்தோஷத்தில் ஒரு சோப்பை என் பேரனுக்கென்று கொடுத்தனுப்பினாள். வீட்டுக்குப் போனதும் அதை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, சார். பார்த்துத்தானே நடந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சோப்பு மூன்று குழந்தைகளைச் சுட்டுவிட்டது என்று அப்போதே கேள்விப்பட்டேன். இரண்டுக்குத் தோல் ஆறிவிட்டது. அந்தப் பெண் குழந்தைக்கு இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கேட்டதும் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அதன் அம்மாவுக்கு ஆறுதலாக ஒரு கடிதம்கூட எழுதினேன். நல்ல தாளில்தான் எழுதினேன்.

மிளகாய் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று கேள்விப்பட்டபோது நான் தடுக்கவில்லை. சோப்பு அவளுடையது, தராசு அவளுடையது. அவளுடைய மேஜையையும் என்னுடையதோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், போட்டுக்கொண்டேன். மருமகளும் பழையபடி என் சோப்பையே எடுத்துக்கொண்டாள். எல்லாம் ஒருவழியாக அடங்கிவிட்டது. நீங்கள் இந்தத் தாளைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் அப்படியே இருந்திருக்கும்.

சற்றுமுன் அதில் அவள் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். "பக்கத்து மேஜை அக்காதான் நாக்குல வெச்சுப் பாத்தாங்க. அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க. வயசாயிடுச்சு, அவங்க நாக்கும் செத்துப்போயிருக்கும், பாவம். அது தெரியாம நான்தான் கேட்டுட்டேன்." அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டால் விசாரணையை முடித்துவிடலாம் என்கிறீர்கள். என்மேல் குற்றம் வராது என்றும் சொல்கிறீர்கள்.

உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது, சார். ஆனால் இதில் நான் கையெழுத்துப் போட முடியாது. பதினோரு வருஷமாக என் சோப்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அது இந்த நாக்கின் தயவு. ஜெயிலுக்குப் போகிற நேரத்திலும் நாலு பேர் படிக்கிற தாளில் என்னைக் குறைசொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை, பாருங்கள்.

அந்த வரியை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். என் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. முதல் தடவையே நெருப்பைத் தொட்டதுபோல் சுரீர் என்றது. இரண்டாம் தடவை நுனியில் கொப்புளம் வந்துவிட்டது. இரண்டு நாளைக்குச் சூடாக எதையும் வாயில் வைக்க முடியவில்லை. தெரிந்துதான் சொன்னேன், இரண்டு தடவையும்.

வேறு என்ன சொல்வது? அவள் அவ்வளவு ஆசையாக முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவர் மனம் நோகப் பேசி எனக்குப் பழக்கமில்லை, சார்.