முன்வாசல் படி

தெமோதரையில் பதுளை பஸ் ஏறிய தோட்டத்துக் கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மண்சரிவுக்குப் பயந்து, லயத்து வரிசை வீட்டுக்குப் பதில் வேறு வீடு கேட்டு மாகாண சபைக்கு எழுதிய மனு கணவர் மடியில் இருந்தது.

"ஏங்க, தோட்டத்துத் தொரை பங்களா மாதிரி மாகாண சபையிலயும் செருப்ப வெளிய கழட்டணுமா?"

"தெரியலயே."

"அதக் கட்டுனப்ப நீங்க மேசன் வேல பாத்தீங்கல்ல?"

"பெரிய தூணு, முன்வாசல் படி எல்லாம் நாங்க கட்டுனதுதான். ஆனா வேலையாளுங்க போக வர எல்லாம் பின்வாசல்தான். தொறந்தப்புறம் அந்தப் பக்கமே போகல."

"படி வழுக்குமா? மழையா இருக்கே."

"வழுக்காது. தண்ணி நிக்காம வடிஞ்சு ஓட வாட்டம் வச்சுத்தான் கட்டுனேன்."

அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்.

"நம்ம லயத்துக்கும் யாராவது அப்படிப் பாத்துக் கட்டியிருக்கலாம்."