பெரட்டில் கூப்பிடாத பேர்

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

ரவாங் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் நான் கங்காணியாக இருந்தேன். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுப்பேன். நான் பேர் கூப்பிட்டால்தான் ஒருவன் குழிக்குள் இறங்கலாம். என்னிடம் கரி வெட்டிக்கொண்டிருந்த தம்புசாமிக்குக் கரிவண்டி ஏறி இடது கை மணிக்கட்டோடு போனது. நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அதோடு அவன் பேரையும் எடுத்துவிட்டார்கள். ஒருமுறை வாங்கியவன் இன்னொரு முறையும் கேட்டு வருவான் என்று துரைக்கு எண்ணம். சுற்றுவட்டாரத்து ஈயச் சுரங்கங்களிலும் அதே பேச்சுதான்.

ஆனாலும் தினமும் பெரட்டுக்கு வந்து வரிசையின் கடைசியில் நிற்பான். மொட்டைக் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வான்.

"ஒத்தக் கையாலயும் வெட்டுவேண்ணே. துரை கண்ணுல படாம இருந்துக்கிறேன்," என்றான் ஒருநாள்.

எனக்கு மனசு இளகிவிட்டது. நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. பழைய குழியில் கூரை உதிர்ந்துகொண்டிருந்ததால் அங்கே இறங்க ஆள் கிடைக்கவில்லை. பேர் கூப்பிடாமலே அவனை அங்கே அனுப்பினேன். சிரித்துக்கொண்டு போனான்.

கூரை இறங்கிய அன்று துரை ஓடிவந்து பெரட்டு எடுக்கச் சொன்னார். நான் கூப்பிட்ட அத்தனை பேரும் பதில் சொன்னார்கள். உள்ளேயிருந்து தண்டவாளத்தைத் தட்டும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"தண்ணி பம்பு, துரை," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கரி பற்றிக்கொள்ளும் என்று குழிவாயை அடைக்கச் சொன்னார். முதல் செங்கல்லை நான் வைத்தேன். தட்டுவது நிற்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மறுநாள் அவன் மனைவி நல்லம்மாள் வந்து கேட்டாள். "வேல தேடி கிள்ளானுக்குப் போறேன்னாம்மா," என்றேன். உடனே நம்பினாள். நஷ்ட ஈடு வாங்கியவர்கள் அப்படித்தான் ஊர் ஊராக அலைவார்கள். காணாமல் போனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. இன்னும் கிள்ளான் துறைமுகத்தில், ஒற்றைக் கைக்காரன் யாராவது வேலைக்கு வந்தானா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாளாம்.

வேலையை விட்டுவிட்டுப் பிரிக்பீல்ட்ஸ் வந்தேன். இங்கேயும் ரயில்வே ஆட்கள் தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் எனக்குக் கேட்கிறது. பயமாக இருக்கிறது, ஐயா. அதனால்தான் நானாகவே வந்தேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: கை போனவனுக்கு இந்த வட்டாரத்தில் வேலை கொடுத்தவன் நான் ஒருவன்தான்.