அம்மன் கேட்ட காத்தாடி

— கண்ணாடிய எறக்காத நாயகி, ஏர்கோன் வெளிய ஓடிரும்.

— உங்க ஏர்கோன் உள்ள இருந்தாத்தானே வெளிய ஓடுறதுக்கு? கழுத்துலேருந்து குபுகுபுன்னு ஏறுது, எனக்குக் காத்து வேணும்.

— இப்பவா? வண்டிய ஓரங்கட்டவா? கற்பூரம் சீட்டுக்கு அடியில இருக்கு.

— கற்பூரத்த எடுத்தீங்க, எறங்கி ஜாசின் பஸ் ஸ்டாண்டுக்கே நடந்து போயிருவேன். இது அம்மன் இல்லலா! கிளினிக்ல டாக்டரம்மா அரை மணி நேரமா வெளக்குனாங்க, பக்கத்துல உக்காந்து நல்லாத்தானே தலைய ஆட்டுனீங்க?

— ஆட்டுனேன். முப்பது வருசம் தோட்டத்துல செம்பனைப் பழம் ஏத்துற லாரி ஓட்டுனவன், யாரு மலாய்ல பேசுனாலும் போலீஸ்காரர்னு நெனச்சுத் தலை தானா ஆடிரும். ஒண்ணும் மண்டையில ஏறல.

— அப்ப தமிழ்ல கேட்டுக்குங்க. எனக்கு வயசு அம்பத்தொண்ணு. மாசாமாசம் வர்றது நின்னு பதினாலு மாசம் ஆச்சு. ஒரு வருசம் முழுசா வரலன்னா அது முடிஞ்சு போச்சு, மெனோபாஸ். ஒடம்புல சுரக்கிற ஒண்ணு கொறையுது. அதனால திடீர்னு சூடு ஏறும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், காரணமே இல்லாம கோவம் வரும்.

— கடைசியா சொன்னது உனக்கு இருபத்தி மூணு வயசுலயே இருந்துச்சே.

— அது உங்களக் கட்டிக்கிட்டதுனால வந்தது. அதுக்கு மருந்து இருக்கான்னு கேட்டேன், இல்லன்னுட்டாங்க.

— நல்ல டாக்டரு. சரி, இது நமக்குள்ள இருக்கட்டும். சாயந்தரம் ஏழு மணிக்கு சுங்கை ரம்பாய்லேருந்து ஒரு வேன் நெறைய பொம்பளைங்க உங்கிட்ட குறி கேக்க வர்றாங்க. கோயில் தலைவர் குகன் காலையிலயே மூணு தடவ போன் பண்ணிட்டாரு. தரையில உக்கார வேணாம், உனக்கு நாற்காலியே போட்டுட்டாராம்.

— வேன் வர்ற அளவுக்குக் கொண்டாந்து வுட்டது யாரு?

— நானா? ஆடி வெள்ளி பூசையில கூட்டத்துக்கு நடுவுல கொண்டைய அவுத்துப்போட்டு, பக்கத்துல நின்ன உறுமிக்காரரத் தள்ளிவுட்டு, "காத்து! காத்து வேணும்! வழிய வுடுங்கடா!"ன்னு கத்துனது நீதானே?

— நாலு பக்கமும் ஆளு, மூஞ்சிக்கு நேரா சாம்பிராணி. நெருப்புக்குள்ள நின்ன மாதிரி இருந்துச்சு, கத்துனேன். "அம்மா காத்து கேக்குறா!"ன்னு கூவுனது யாரு?

— கூட்டத்துல யாரோ.

— என்னங்க.

— அந்த யாரோவுக்குக் கொஞ்சம் என் சாயல் இருந்துச்சு.

— மூணு வாரத்துல கோயில்ல ஆறு காத்தாடி மாட்டிட்டாங்க. புக்கிட் காத்தில் ஊரு காண்ட்ராக்டர் யுவனேஸ்வரன் அம்மனுக்கு ஏர்கோனே நேந்துக்கிட்டாரு. அந்த எலுமிச்சம்பழக் கதையும் கூட்டத்துல யாரோதான் கெளப்புனாங்களோ?

— எது, உன் கையில வச்ச பழம் சூடு தாங்காம ஊறுகா ஆயிருச்சே, அதுவா? அது கதை இல்ல. நான் தொட்டு நாக்குல வச்சேன். உப்பு மட்டுந்தான் கொஞ்சம் கொறைச்சல்.

— சிரிக்காதீங்க. நான் சிரிக்கல. போன வெள்ளிக்கெழம அந்தத் தாரணி பொண்ணு வந்து என் காலுல வுழுந்துட்டா. ரெண்டு வருசமா புள்ள இல்லையாம். "ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திட்டேன் தாயி, இனிமே நீதான்"னு அழுவுறா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. தனியா கூட்டிட்டுப் போயி, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போடின்னு திட்டி அனுப்புனேன். இன்னைக்கு வேன் நெறைய வர்றாங்க. யாரு எந்த மருந்த நிறுத்திட்டு வர்றாளோ? நான் மைக்க வாங்கி உண்மைய சொல்லிறப் போறேன்.

— மைக்லயா? நாயகி, நான் ஊருக்குள்ள தல காட்ட வேணாமா? இந்த நல்லமுத்து சொல்றத இனிமே ஒரு நாய் நம்புமா?

— இதுக்கு முன்னாடி எந்த நாய் நம்புச்சு?

— அதுவும் சரிதான்.

— எதுக்குங்க அப்படிக் கூவுனீங்க? எதுக்குதான் பொய் சொல்றதுன்னு ஒரு இது இல்லையா?

— ரோட்ட பாத்து ஓட்டணும், அப்புறம் பேசலாம்.

— நாலாவது கியர கூட போடல நீங்க. சொல்லுங்க.

— எல்லாரும் உன்னயே பாத்தாங்க. தூணுகிட்ட நின்ன ரெண்டு பேரு போன தூக்கிப் படம் புடிச்சாங்க. ஒருத்தன், "பெருசுக்கு நட்டு கழண்டுருச்சுடா"ன்னு சிரிச்சான். சாமின்னு சொல்லிட்டா ஒருத்தனும் சிரிக்க மாட்டான், கையெடுத்துக் கும்புடுவான். எனக்கு அந்த நேரத்துக்கு வேற ஒண்ணும் தோணல. கூவிட்டுக் கீழ வுழுந்தேன். முட்டி கூட பேந்துருச்சு.

— இத ஏன் மூணு வாரமா சொல்லல?

— உண்மைய பேசிப் பழக்கம் இல்ல, வாய் வரல.

— இந்தாங்க, மூஞ்சத் தொடைங்க. உங்களுக்கும் வேர்க்குது.

— எனக்கும் அந்த மெனோபாஸா இருக்குமோ?

— உங்களுக்கு ஏர்கோன்தான் நின்னு போச்சு.

— சரி, டாக்டரு வேற என்ன சொன்னாங்க? இப்ப தலைய ஆட்டாம கேக்குறேன்.

— தெனமும் காலையில அரை மணி நேரம் வேகமா நடக்கணுமாம். இனிமே எலும்பு வேகமா தேயுமாம். பாலு, கீரை, நெத்திலி நல்லா சேத்துக்கணும், வாரத்துல ரெண்டு நாளு எடை தூக்கிப் பழகணும்.

— எடைக்கு எதுக்கு அலையிற? நான் தொண்ணூறு கிலோ இருக்கேன்.

— உங்கள இருபத்தெட்டு வருசமா தூக்கிக்கிட்டுத்தானே இருக்கேன்! ஆத்திக் குடிக்கிற தே தாரிக்ல சீனி கொறைக்கணும், ரத்தக் கொதிப்பு பாத்துக்கிட்டே இருக்கணும். சூடு ரொம்பத் தாங்கலன்னா மாத்திர இருக்காம். எல்லாருக்கும் ஒத்துக்காது, பரிசோதிச்சுத்தான் குடுப்பாங்களாம். இன்னொண்ணு ரொம்ப அழுத்திச் சொன்னாங்க. நின்னதுக்கப்புறம் எப்பவாவது ரத்தம் பட்டா, ஒரு சொட்டா இருந்தாலும் சரி, ஒடனே வந்து காட்டணும், ஒளிச்சு வைக்கக் கூடாது.

— அத காலண்டர்ல எழுதி ஒட்டிரு. ஒட்டுனா நானும் பாப்பேன்.

— போன் அடிக்குது. அன்னபாக்கியம் டீச்சர், அந்த யாழ்ப்பாணத்தம்மா. சுங்கை ரம்பாய் வேனுக்கு ஏற்பாடு பண்ணதே அவங்கதான்.

— எடுக்காத! செத்த நேரம் அடிச்சுட்டு ஓஞ்சிரும்.

— ஸ்பீக்கர்ல போடுறேன், வாயத் தொறக்காதீங்க. வணக்கம் டீச்சர்.

— வணக்கம் பிள்ளை. எல்லாரும் வெளிக்கிட்டு நிக்கினம், ஆறு மணிக்கே வந்திடுவம். பூ, பழம் ஏதும் வாங்கிக்கொண்டு வாறதோ?

— டீச்சர், ஒண்ணும் வேணாம். வேனயே திருப்பி அனுப்பிருங்க. என்ன மன்னிச்சுக்குங்க. என் மேல எந்த அம்மனும் வரல. எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு போச்சு, அந்தச் சூட்டுலதான் அன்னைக்குக் கத்துனேன். இப்பத்தான் டாக்டரப் பாத்துட்டு வர்றேன். பாவம், அத்தன பேரும் நம்பிக்கிட்டு வர்றாங்க, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களப் பாப்பேன்?

— அட, அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை! வேன்ல வாற பதினாலு பேருக்கும் இதே வேர்வை, இதே நித்திரையில்லாத பாடுதான். கிளினிக்குக்கு எண்டால் வீட்டில ஆயிரம் கேள்வி, கோயிலுக்கு எண்டால் புருஷன்மாரே வேன் பிடிச்சுத் தருகினம். நீ அந்த டொக்டரின்ர பேரை மட்டும் சொல்லு, நாங்கள் கேக்க வாற குறி அதுதான்.