குழைந்த சோற்றில் ஒரு பருக்கை

மேடையில் அமர்ந்திருக்கும் ஆயர் ஐயா அவர்களே, நெசவாளர் சங்கத் தலைவர் நாகேந்திரன் அவர்களே, ஆர்.கே.பேட்டையிலிருந்தும் கனகம்மாசத்திரத்திலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் பிரேமாவின் வணக்கம்.

நம் மனநல மருத்துவர் யோபு அவர்களோடு இருபது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அவரைப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். புகழ்கிறேன். அதற்கு முன் ஓர் உண்மை. இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. சென்னை ரயிலுக்குப் போகவேண்டும் என்றால், அதற்கு முந்தைய ரயில் கிளம்பும் முன்பே ஸ்டேஷனில் நிற்பார். கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பெயர்தான் பைபிளில் வரும் பொறுமைசாலி யோபுவின் பெயர், பொறுமைக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்கும் அது பிடிக்கும்.

இதை ஏன் சொல்கிறேன்? அவர் இதை மறைத்ததே இல்லை. வருகிறவர்களிடம் அவரே சொல்வார்: "நானும் உங்கள மாதிரிதாங்க, கவலைப்படற சுபாவம். சுபாவம் நோய் இல்ல. ஆனா கஷ்டம் மேல கஷ்டம் வந்தா நம்ம மாதிரி ஆளுங்க சீக்கிரம் சாஞ்சிடுவோம். அதுக்குதான் முன்னாடியே யாரு கையையாவது புடிச்சுக்கணும்."

இதோ, எல்லப்பன் அண்ணன் இருக்கிறார். சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார். அவருடைய விசைத்தறி நின்றுபோன வருடம் அது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதைக் கேட்டாலும் தெரியவில்லை என்பார். புத்தி மழுங்கிவிட்டது என்று பயந்து அவர் மனைவி ஜெயம்மாள் மாதக்கணக்கில் வல்லாரை லேகியம் கொடுத்திருக்கிறார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஞாபகம் எங்கயும் போவலம்மா. மனசு சோர்ந்துபோனா கழிஞ்சுபோன நாளுங்க எல்லாம் குழைஞ்ச சோறு மாதிரி ஒண்ணா ஒட்டிக்கும். ஒரு பருக்கைய தனியா எடுக்க வராது" என்றார்.

"எப்பவுமே கஷ்டம்தான் சார். ஒரு நாள்கூட நல்லா இருந்ததில்ல" என்றார் எல்லப்பன். அந்த அறையில் 'எப்பவும்' என்ற சொல்லுக்கு இடமில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "எப்பவும் வேணாங்க. ஒரே ஒரு நாள் சொல்லுங்க. எந்த ஊரு, என்னா சாப்ட்டீங்க, கூட யாரு?" மாத்திரையும் கொடுப்பார், இந்தக் கேள்வியையும் கேட்பார். வாரம் தவறாமல் கேட்பார். ஒரு நாள் அண்ணன் வாய் திறந்தார்: "சத்திரம் பஸ் ஸ்டாப்புல மழைக்கு ஒதுங்கினு இருந்தோம். பாப்பா மொளகா பஜ்ஜிய கடிச்சிட்டு அழுதுகினே, 'நைனா, நீயும் துன்னு'ன்னு என் வாயில வெச்சிச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது தபிதா அக்காவைப் பற்றிப் பேசப்போகிறேன். பேசலாமா என்று கேட்டேன். "சொல்லு. அவரு எதையும் மறைச்சதில்ல, நான் எதுக்கு மறைக்கணும்" என்றார். டாக்டரின் மனைவியான அக்கா, பல வருடங்களுக்கு முன் மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர். ஒரு முறை வந்தவர்களுக்கு, பெரிய இழப்பு நேர்ந்தால் அது மறுபடி வரக்கூடும். டாக்டருக்குத் தெரியாதா? கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "பிரேமா, தபிதாவ பாத்துக்கோமா. எல்லாம் போச்சுன்னு சொன்னா உட்டுடாத."

அடக்கம் முடிந்ததிலிருந்து அக்கா அதைத்தான் சொன்னார். "எல்லாம் போச்சு. அவரு மொகமே வரல. அந்தக் கட்டில்தான் வருது." அழுவது நோயல்ல, அழட்டும். ஆனால் அழக்கூட வராமல் உட்கார்ந்திருந்தாரே, அதற்குத்தான் நான் பயந்தேன். தினமும் போய்க் கேட்டேன், "ஒரு நாள் சொல்லுக்கா." மறுபடியும் அந்தக் கட்டிலையே சொல்வார்.

இன்று காலை, இந்தக் கூட்டத்துக்கு உடுத்திக்கொள்ள உறவினர்கள் வெள்ளைப் புடவையை எடுத்து வைத்திருந்தார்கள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"ஆடிக் கிருத்திகை. காவடிக் கூட்டம். தண்ணிப் பந்தல்ல மோர் ஊத்திட்டு வந்துகினு இருந்தோம். அவரு என் முந்தானை நுனிய கையில சுத்திக்கினாரு. உடுங்க, எல்லாரும் பாக்கறாங்கன்னேன். பாக்கட்டும், நீ காணாம பூட்டா நான் எங்க போய் தேடுவேன்னாரு."

"என்ன புடவைக்கா?" என்றேன்.

"நீலம். மஞ்ச பார்டர்" என்றவர், அப்போதுதான் அழுதார். வீடே கேட்க அழுதார். நானும் அழுதேன்.

துக்கக் கூட்டத்துக்கு நீலப் புடவையா என்று வாசலில் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. முன்வரிசையைப் பாருங்கள். அந்தப் புடவைதான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் டாக்டர் என்னைத் திட்டுவார். நாளைக்கும் போய்க் கேட்பேன். மருந்து தேவைப்பட்டால் அழைத்துப்போவேன். புதன்கிழமை கிளினிக் வழக்கம்போலத் திறக்கும், டாக்டர் ஷோபனா சென்னையிலிருந்து வர ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டில் யாராவது 'எல்லாம் போச்சு' என்று உட்கார்ந்துவிட்டால் அறிவுரை சொல்லாதீர்கள், அழைத்து வாருங்கள்.

டாக்டர் யோபு அவர்களே, ரயிலுக்குத்தான் அவசரப்படுவீர்கள் என்று நினைத்தோம், இதற்கும் முந்திக்கொண்டீர்கள். கவலைப்படாதீர்கள் என்றால் கேட்கமாட்டீர்கள், உங்கள் சுபாவம் அது. இருந்தாலும் சொல்கிறேன். கூட்டம் பெரிதுதான். அக்காவின் முந்தானை நுனி இனி எங்கள் கையில் இருக்கிறது.