விழா நாயகருக்குத் தெரியாது

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாரும் எதையும் படிப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்மா, கூரியர்காரர் நீட்டுகிற தாளில் கண்ணாடி போடாமலே கிறுக்கிக் கொடுத்துவிடுவார். அப்பா அதற்கும் ஒருபடி மேல். பேனா மூடியைத் திறந்துகொண்டே "எங்கே?" என்பார். நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் போடுவார். ஒருவரை ஒருவர் நம்புகிற குடும்பம்.

என்னை உட்காரச் சொன்னதற்கு நன்றி. நீங்கள் மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருந்தால் பேச்சு இன்னும் இணக்கமாக இருக்கும். இரண்டாவது செமஸ்டரில் இதற்கென்று தனிப் பாடமே இருக்கிறது. பரவாயில்லை, விசாரணைக் குழுவுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் ஈவென்ட் மேனேஜ்மென்ட் இளங்கலை, மூன்றாம் ஆண்டு. சேர்ந்தபோது தாய்மாமா கேட்டார், "நாற்காலி போடுறதுக்கா மூணு வருஷப் படிப்பு?" என்று. அப்பாதான் எனக்காகப் பேசினார். "நாற்காலி போடுறது ஈஸி மச்சான். அதுல ஆளை உட்கார வைக்கிறதுதான் படிப்பு" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை எங்கள் பாடப் புத்தகத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அப்பா நகராட்சியில் லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளர். ஊரில் உள்ள மின்தூக்கிகளுக்கெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழ் கொடுக்கிறவர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்ட் பக்கம்தான் காது போகும். உறவினர் யாரையாவது பார்க்க மருத்துவமனைக்குப் போனால் நோயாளியிடம் ஐந்து நிமிடம், லிஃப்டிடம் இருபது நிமிடம். ஏறி இறங்கி வந்து, "மூணாவது மாடியில ஒரு இழுப்பு இழுக்குது" என்று கவலையோடு சொல்வார். முப்பத்தொரு வருட சர்வீஸ். ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் இருந்தது.

இனி கடைசி செமஸ்டருக்கு வருகிறேன். ஒவ்வொரு மாணவரும் தனியாக ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும். குறைந்தது நூற்றைம்பது விருந்தினர். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். எங்கள் பேராசிரியை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "காரணம் நிஜமா இருக்கணும். காரணம் இல்லாம ஆளைக் கூட்டினா அது கூட்டம், நிகழ்ச்சி இல்ல." நான் அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டுக்கொண்டேன். பின்னால் நடந்தது எதுவும் அந்த வாக்கியத்தை மீறி நடக்கவில்லை என்பதைக் குழு குறித்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் எனக்குப் போட்டி ஒருத்திதான். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவாள் என்பதால் அவள் பெயரே பட்டியல். அவளுக்கு அக்கா கல்யாணம் கிடைத்தது. சிலருக்குத்தான் அப்படி வசதியான குடும்பம் அமைகிறது. எனக்கு மாமாவின் உடற்பயிற்சிக் கூடத் திறப்பு விழா இருந்தது. அழைப்பிதழ்கூட அடித்தாகிவிட்டது. அதற்குள் மாமாவும் அவருடைய கூட்டாளியும் கண்ணாடியை எந்தச் சுவரில் பதிப்பது என்று சண்டை போட்டு, திறக்காமலே மூடிவிட்டார்கள். எனக்கு மீதி ஐந்து வாரம்.

குடும்பத்தை ஒரு தடவை மனதுக்குள் அலசிப் பார்த்தேன். கல்யாண வயதில் யாரும் இல்லை. பிறக்கிற நிலையில் ஒன்றும் இல்லை. பெரியப்பா மட்டும் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் இருந்தார். ஒரே வாரத்தில் மூன்று முறை போய்ப் பார்த்தேன். இரங்கல் கூட்டத்துக்கு ஏற்ற சிறிய அரங்கு ஒன்றையும், சும்மா விவரத்துக்காக, விசாரித்து வைத்தேன். நான்காவது முறை போனபோது அவர் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அடிக்கடி வந்து பாக்குறியேம்மா, எம் புள்ளைங்களுக்குக்கூட இந்தப் பாசம் இல்ல" என்று கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது.

அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடி, "இன்னும் ஏழு வருஷம் ஓடணும் பாப்பா" என்றார்.

ஓடணும். அந்த ஒரு சொல்லைத்தான் நான் கவனித்தேன். பிடித்த வேலையைப் பற்றி யாராவது ஓடணும் என்று சொல்வார்களா? அவருக்குக் களைப்பு. வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. பெற்ற பெண் நான் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்கள்?

விருப்ப ஓய்வுக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அப்பாவின் அலுவலகக் கடிதங்களை எல்லாம் நான்தான் தட்டச்சு செய்து கொடுப்பது வழக்கம், அதனால் அவருடைய நடை எனக்கு அத்துப்படி. அடுத்த நாள் நான்கு தாள்களை அவர் முன்னால் வைத்தேன். விடுப்பு விண்ணப்பம், மருத்துவச் செலவு படிவம், தொலைபேசி முகவரி மாற்றம், இது. இதை மூன்றாவதாக வைத்தேன். நான்கு தாள் இருந்தால் மூன்றாவதில்தான் கவனம் மிகக் குறைவு. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

"எங்கே?" என்றார் அப்பா.

காட்டினேன். போட்டார். "உன் டைப்பிங் ரொம்ப சுத்தம் பாப்பா" என்றும் சொன்னார்.

கையெழுத்து அவருடையது. கள்ளக் கையெழுத்து என்று புகாரில் எழுதியிருக்கிறது, அது தவறு. நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

கடிதத்தை நானே கொண்டுபோய் அவருடைய மேலாளரிடம் கொடுத்தேன். அங்கே ஆள் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருந்ததாம். யாரைக் கேட்பது என்று தெரியாமல் மனிதர் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். பழம் நழுவிப் பாலில் விழுந்த முகத்தோடு, "இவர் போய்க் கேப்பார்னு நினைக்கவே இல்லம்மா" என்றார்.

"அப்பா ரொம்ப உணர்ச்சிவசப்படுவார் சார். ஆபீஸ்ல யாரும் அதைப் பத்தி அவர்கிட்ட பேச வேணாம்னு கேட்டுக்கிட்டார். உத்தரவைக்கூட விழா மேடையில வெச்சுக் கொடுத்தா போதுமாம்."

"பெரிய மனசு" என்றார் மேலாளர்.

அடுத்த நான்கு வாரமும் அலுவலகமே அப்பாவிடம் கரிசனமாக நடந்துகொண்டது. அவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வியப்போடு சொல்வார்: "என்னன்னே தெரியல, எல்லாரும் ஒரு மாதிரி அன்பா இருக்காங்க. ஸ்டோர்ல இருக்கிறவர் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறார். இத்தனை வருஷத்துல ஒரு ஸ்க்ரூகூட சிரிச்ச முகமா கொடுத்ததில்ல அந்த மனுஷன்." பிறகு என்னைப் பார்த்தார். நான், "உங்களுக்கு ஏதோ விருது தர்றாங்களாம்பா. வெளிய சொல்லக் கூடாதாம்" என்றேன். அப்பா எழுந்து கண்ணாடி முன் போய் நின்று தலையை வாரிக்கொண்டார். அம்மா அவருக்கு வெளிர் நீலத்தில் புதுச் சட்டை எடுத்தார். அந்த நான்கு வாரமும் அவர் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தார் என்பதை யாருமே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

விழா மாலை நான்கு மணிக்கு, இரண்டாவது மாடி அரங்கில். நூற்று எண்பத்து மூன்று பேர் வந்தார்கள். வரவேற்பு மேசையில் ஒருவரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. தேர்வாளருக்கு நடுவரிசை ஓரத்தில் இடம், பக்கத்திலேயே மின்விசிறி. எல்லாம் நிமிடம் தப்பாமல் போனது. அப்பா வந்த லிஃப்ட் மட்டும் ஒரு தடங்கல். கதவைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "கேபிள் கொஞ்சம் தளர்ந்திருக்கு. நாளைக்கு முதல் வேலையா வந்து பாக்கணும்" என்று டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். அதில் நான்கு நிமிடம் போய்விட்டது. வரவேற்புரையைச் சுருக்கி அதைச் சரிக்கட்டினேன்.

அப்பாவை மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தோம். நாலு முப்பத்தைந்துக்கு இசை, விளக்கு, திரை விலகல். பின்னால் பெரிய எழுத்தில் "பணி நிறைவுப் பாராட்டு விழா" என்று இருந்தது. கீழே அப்பாவின் படம்.

அப்பா திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மைக் பக்கம் குனிந்து, "யாருக்கு?" என்றார்.

அரங்கமே சிரித்தது. அப்பா இவ்வளவு நகைச்சுவையாகப் பேசுவார் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாதாம். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உத்தரவை அவர் கையில் கொடுத்தார். கூடவே கடிதத்தின் நகலையும் இணைத்திருந்தார். அப்பா ஒரு தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்ததை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். கையெழுத்து வரை வந்தார். அப்புறம் நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினார்.

நான் ஒலிக்கருவிகள் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் இரண்டு விரலைக் காட்டினேன். ஏற்புரைக்கு இரண்டு நிமிடம் என்று அர்த்தம்.

அப்பா மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் வந்ததுக்கு நன்றி. எனக்கு என்ன பேசுறதுன்னு தெரியல." நிறுத்தினார். "இந்த ஏற்பாடெல்லாம் என் பொண்ணுதான் பண்ணியிருக்கா. எதுவும் எனக்குக் கஷ்டம் கொடுக்காம அவளே பாத்துக்கிட்டா. நல்லா பண்ணியிருக்கா." மைக்கை மேலாளர் கையில் கொடுத்துவிட்டார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தேர்வாளர் தன் தாளில் 'உணர்ச்சி: இயல்பானது' என்று எழுதியதை என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை அப்பா வழக்கமான நேரத்துக்கே எழுந்து, குளித்து, சட்டை மாற்றி, ஷூ போட்டு, கயிறு கட்டி, கூடத்து சோபாவில் உட்கார்ந்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா" என்றார். "இதை ஏழு வருஷம் கழிச்சுப் பண்ணியிருக்கலாமே?"

"இதுதான்பா கடைசி செமஸ்டர்" என்றேன்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். எங்களுக்குள் இது பற்றி நடந்த பேச்சு அவ்வளவே. அம்மாதான் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "ஏண்டி, அடுத்தது என்னையா?" என்று கேட்டார். அம்மாவுக்கு எப்போதும் பேச்சில் ஒரு காரம் உண்டு.

இப்போது அப்பா மத்தியானங்களில் பெரியாஸ்பத்திரிக்குப் போய் லிஃப்டில் மேலும் கீழும் போய்வருகிறார். காவலாளி இரண்டு முறை எச்சரித்தாராம். நல்ல பொழுதுபோக்குதான். ஓய்வு பெற்றவர்கள் சும்மா இருக்கக் கூடாது என்பார்கள்.

அப்பாவோடு கூடவே சுற்றிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். விழாவில் அப்பாவின் முகத்தைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்து, பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினார். நீங்கள் அப்பாவை அழைத்து விசாரித்தீர்கள். அப்பா என்ன சொன்னார் என்பது உங்களுக்கே தெரியும். கடிதம் தன்னுடைய முடிவு, தான்தான் மகளைத் தட்டச்சு செய்யச் சொன்னேன், விழா பற்றி எல்லாமே முன்கூட்டியே தெரியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்களும் புகாரை முடித்து வைத்தீர்கள். பிரச்சினை அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் மதிப்பீட்டு விதிகளில் பதினான்காவது பிரிவு ஒன்று இருக்கிறது. விழா நாயகர் கடைசி நொடி வரை எதையும் அறியாதிருந்தால் 'வியப்பு அம்சம்' என்று பத்து மதிப்பெண். அப்பாவின் வாக்குமூலத்தைக் காட்டி அந்தப் பத்தை எனக்குக் குறைத்துவிட்டீர்கள். பட்டியல் முதலிடத்துக்குப் போய்விட்டாள். அவளுடைய அக்கா கல்யாணத்தில் என்ன வியப்பு இருந்தது? மாப்பிள்ளை நேரத்துக்கு வந்தார், அவ்வளவுதான்.

அதனால்தான் நானாகவே இங்கே வந்திருக்கிறேன். அப்பா சொன்னது பொய். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பாசம் கண்ணை மறைக்கும், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடிதம் நான் எழுதியது. அவருக்குத் தெரியாமல், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியது நான். மேலாளரிடம் பொய் சொன்னது நான். விருது என்று நம்பவைத்து மேடையேற்றியது நான். நாலு முப்பத்தைந்து வரை அவருக்கு எதுவுமே தெரியாது. விழாக் காணொளியைப் பென் டிரைவில் கொண்டுவந்திருக்கிறேன். திரை விலகியதும் நிறுத்தி அவர் முகத்தைப் பாருங்கள். தெரிந்தவருடைய முகமா அது?

என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள், அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பத்து மதிப்பெண்ணை மட்டும் திருப்பிப் போட்டுவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. முதலிடம் கைவிட்டுப் போனால், அப்பா எனக்காகச் செய்த தியாகத்துக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.