கறுவாவின் பெட்டி

பருந்துக்குப் பெட்டி செய்ய நினைக்கிறவர்கள் முதலில் பலகையைத்தான் யோசிப்பார்கள். உண்மையில் வாலைத்தான் யோசிக்க வேண்டும். உள்ளே கட்டையில் குந்தியிருக்கும்போது வால் நுனி தரையில் தட்டக்கூடாது, பின்பக்கம் உரசக்கூடாது. வால் இறகு முறிந்தால் மறுபடி முளைக்கும் வரை பறவை பறக்கச் சிரமப்படும். ஆகவே வாலை அளந்த பிறகுதான் மரக்கடைக்குப் போக வேண்டும்.

விசாரிக்க வந்த நீங்கள் பெட்டியைப் பற்றித்தான் கேட்டீர்கள். மொழிபெயர்ப்பாளரையும் அழைத்து வந்து, தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நல்லது. எனக்கு ஆங்கிலம் தெரியும். நெடுங்காலமாக ஒனெஹங்காவில் சமையலறைகளுக்குக் குசினி அலுமாரி செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். ஆனாலும் இதைத் தமிழில் சொன்னால்தான் நான் சொன்னது போல இருக்கும்.

நான் இரண்டு பெட்டிகள் செய்தேன். நீங்கள் கேட்பது இரண்டாவதை. முதலாவதைச் சொல்லாவிட்டால் அது விளங்காது.

என் மனைவி இராசமலர் புற்றுநோயில் போனாள். பிரணவி எங்களுக்கு ஒரே பிள்ளை. பக்குரங்காவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். தாய் போன பிறகு வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு அறையை விட்டு வெளியே வருவதையும் நிறுத்தினாள். நான்தான் சீப்பெடுத்துத் தலை இழுத்துவிட்டேன். சோற்றைக் குழைத்துக் கொண்டுபோய் ஊட்டினேன். வளர்ந்த பிள்ளை, சின்னக் குழந்தை போல வாயைத் திறப்பாள். வேலையால் வந்து நான் காரை நிறுத்தும் சத்தம் கேட்டால் கட்டிலை விட்டு எழும்பி உட்காருவாள். அதை மட்டும் அவள் ஒருநாளும் தவறவிடவில்லை.

குடும்ப மருத்துவர் அவளை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பச் சொன்னார். நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் அவள் என்னத்தைச் சொல்வது? வீட்டில் நான் இருக்கிறேன்தானே. அது கஷ்டமான காலம் என்று கோயிலில் எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வீடு அமைதியாக இருந்தது. நான் சமைத்ததை அவள் சாப்பிட்டாள். யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை மரக்கறி வாங்கப் புக்கெகோஹிக்குப் போனபோது அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். திரும்பும் வழியில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, செத்த முள்ளெலி ஒன்றைக் கொத்திக்கொண்டிருந்த பருந்தை எங்களுக்கு முன்னால் போன லொறி தட்டிவிட்டுப் போனது. அது உருண்டு தெருவோரத்துத் தண்ணிக் கானுக்குள் விழுந்தது.

"நிப்பாட்டுங்கோ அப்பா," என்றாள் பிரணவி.

தாயின் செத்தவீட்டுக்குப் பிறகு அவளாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் நிறுத்தினேன். என்னுடைய ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, கானுக்குள் இறங்கி, அந்தப் பறவையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். இங்கத்தைய ஆட்கள் காஹு என்று சொல்லும் சதுப்புநிலப் பருந்து. பெட்டை. முதுகு முழுவதும் கறிக்குப் போடும் கறுவாப் பட்டையின் நிறம். கறுவா என்று அவளே பெயர் வைத்தாள்.

சிறகு எலும்பு பொருந்தியது, ஆனால் விறைத்துப் பொருந்தியது. காட்டில் விட்டால் இரை பிடிக்காது என்று பறவை வைத்தியர் சொல்லிவிட்டார். அங்கேதான் அரவிந்த் வந்து சேர்ந்தான். தமிழ்நாட்டுப் பையன், கம்ப்யூட்டர் வேலை, பருந்து வைத்துப் பழக்க அனுமதி உள்ளவன். புக்கெகோஹியில் அவன் வீட்டின் பின்னால் பறவைக் கூடுகள் இருந்தன. கறுவா அங்கே போனது. கறுவா போன இடத்துக்குப் பிரணவியும் போகத் தொடங்கினாள்.

முதல் பெட்டியை அப்போதுதான் செய்தேன், கறுவாவை வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொண்டுவர. அரவிந்த் பட்டறைக்கே வந்து, எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்று சொன்னான். பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், உள்ளே வேர்க்கும். கம்பி வலை வேண்டாம், இறகு பிய்ந்துபோகும். மரத்தூளை அழுத்திச் செய்த தூள்பலகை வேண்டாம், எச்சம் பட்டு ஊதிப்போகும். மெல்லிய பிளைவுட் நல்லது. காற்றுத் துளைகளைக் கீழே போட வேண்டும். மேலே போட்டால் வெளிச்சம் கண்ணில் பட்டுப் பறவை பதறும். இருட்டில் அது சாதுவாக இருக்கும்.

"பசையோ வார்னிஷோ முழுசா காயாம மட்டும் உள்ள வெச்சிராதீங்க அங்கிள்," என்றான். "பறவைங்க மூச்சு நம்ம மாதிரி இல்ல. நமக்குத் தலைவலி வர்ற வாசனையில அது செத்தே போயிடும்."

"அது எனக்குத் தெரியும் தம்பி," என்றேன். பசையோடுதான் என் பிழைப்பு.

அந்தப் பெட்டியைப் பசையே இல்லாமல் செய்தேன். மூலைகளைப் பொருத்தி, திருகாணித் தலைகளை மரத்துக்குள் புதைத்து, உள்பக்கத்தைக் கன்னம் வைத்துப் பார்க்கும்படி தேய்த்தேன். குந்துகட்டைக்குச் செயற்கைப் புல் விரிப்பைச் சுற்றி, கீழ்ப்பக்கம் கம்பியால் இறுக்கினேன். பிரணவி கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கு என்னிடமிருந்து ஒன்று தேவைப்பட்டது, நான் அதைச் செய்து கொடுத்தேன்.

பிறகு அவள் தானாகவே சாப்பிட்டாள். தானே தலை இழுத்தாள். தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு நின்று விசில் அடித்தால், கறுவா வேலிக் கட்டையிலிருந்து கோணலாகப் பறந்து வந்து கையில் இறங்கும். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு தாயின் சிரிப்பு. நான் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டப் போனால் கறுவா என்னைக் கண்டு இறகைச் சிலிர்க்கும், அதனால் போவதில்லை. வேலையால் வந்து காரை நிறுத்தினால் இப்போது வீட்டில் ஆள் இல்லை. சோற்றைக் குழைத்து வைப்பேன். வெளியில் சாப்பிட்டுவிட்டேன் என்று செய்தி அனுப்புவாள்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். தெற்குத் தீவில் ஒரு பறவைக் காப்பிடம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பருந்துகளைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் வேலை. அவளையும் எடுக்கிறார்கள், கறுவாவையும் எடுக்கிறார்கள்.

"தே வான்ட் போத் ஒஃப் அஸ், அப்பா," என்றாள். பிறகு, "நீங்களும் வாங்கோவன். அங்கயும் குசினி கட்டுறவை இருப்பினம்தானே," என்றாள்.

"எனக்கு வீடு இருக்கு, மோர்ட்கேஜ் கடன் இருக்கு," என்றேன்.

"அப்ப லீவுக்கு நான் வாறன்."

"ஓம்," என்றேன். "நல்ல விஷயம் பிள்ளை."

அவள் என்னைக் கூப்பிடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மனதாரக் கூப்பிட்டாள். போயிருக்கலாம். ஆனால் அங்கே நான் ஒரு விருந்தாளி. அவள் காலையில் எழும்பிக் கறுவாவிடம்தான் போவாள்.

காரில் வெலிங்டன் வரை போய், அங்கே கப்பலில் ஏற்றிக் கடக்க வேண்டும். நீண்ட பயணம். முதல் பெட்டி சின்னது, புதிதாக ஒன்று வேண்டும் என்றாள். அப்பா செய்து தாறன் என்றேன்.

இரண்டாவது பெட்டிக்கும் நல்ல பிளைவுட்தான் எடுத்தேன். வாலை அளந்தேன். துளைகளைக் கீழே போட்டேன். வெளியே தேன்மெழுகு பூசினேன். யார் பார்த்தாலும் முதலாவதைவிட அழகான பெட்டி. உள்ளே மட்டும், குலுங்கினாலும் பறவைக்கு நோகாமல் இருக்க, சுவருக்கும் தரைக்கும் கம்பளம் ஒட்டினேன். அதற்குப் பட்டறையில் தகடு ஒட்டும் பசையை எடுத்தேன். அந்த டின்னைத் திறக்கும்போது நாங்கள் முகமூடி போடுவோம். மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு ஒட்ட வேண்டிய பசை அது. நான் தடிப்பாகப் பூசி, காயவிடாமல், மேலே கம்பளத்தை அழுத்தினேன். குளிரில் அதன் ஆவி அடங்கிக் கிடக்கும். சூடு பட்டால் வெளியே வரும். அவள் புறப்படுவதற்கு முதல் நாள் ஒட்டினேன்.

கறுவாவுக்குக் கொஞ்சம் சுகமில்லாமல் போகும், அவள் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் உங்களிடம் சொல்ல ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். அது உண்மை இல்லை. அரவிந்த் சொன்னதை நான் மறக்கவில்லை. எவ்வளவு பசை வேண்டும் என்று யோசித்துத்தான் பூசினேன்.

காலையில் மழை. குளிரான தெற்குக் காற்று. கறுவாவை உள்ளே விடும்போது பிரணவி குனிந்து மணந்து பார்த்தாள்.

"ஏதோ மணக்குது அப்பா. இட்ஸ் சேஃப், ரைட்?"

"தேன்மெழுகு பிள்ளை. போகப் போகப் போயிடும்."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் செய்த பெட்டி. இராசமலரின் கம்பளிச் சால்வையை எடுத்து வந்து பெட்டிக்கு மேலே போர்த்தினாள். அம்மாவும் எங்களோடு வரட்டும் என்றாள். பெட்டியை அடிக்கடி திறந்து பார்க்காதே, அது வெருளும் என்று சொன்னேன். ஹீட்டரைக் கூட்டிப் போடு, அதுக்குக் குளிரும் என்றும் சொன்னேன். அவள் என் கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனாள்.

நான் வேலைக்குப் போகவில்லை. உள்ளிப்பூண்டு உரித்து, ரசம் வைத்தேன். அவள் திரும்பி வரும்போது ஏதாவது சூடாகக் குடிக்க வேண்டும் அல்லவா.

வழியில் தௌப்போ ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு எனக்கு அழைத்தாள். வழி நெடுகச் சத்தமே இல்லை, கறுவா சாதுவாக இருக்கிறாள் என்று நினைத்தேன் என்றாள். ஏரியில் அலை அடிக்கும் சத்தம் கேட்டது. "அப்பா, அவளின்ர கால் கட்டையை இன்னும் பிடிச்சபடி இருக்கு," என்றாள். "நான் கழட்டப் பார்க்கிறன். ஏலாம இருக்கு."

"அங்கயே நில், அப்பா வாறன்," என்றேன்.

காரை எடுத்துக்கொண்டு ஓடித்தான் போனேன். அவள் கார்க் கதவுக்குப் பக்கத்தில் மழைக்குள் இருந்தாள். கறுவாவை என்னுடைய பழைய ஜாக்கெட்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"நான் என்ன பிழை விட்டனான் அப்பா?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு காரணம் இல்லாமல் அவளால் எழும்ப முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"சால்வை துளையை மூடியிட்டுதுபோல," என்றேன். "உனக்குத் தெரியாதுதானே. நீ வேணுமெண்டு செய்யேல்லை."

அவள் அழவில்லை. சால்வையை மடித்தாள். ஒழுங்காக, தாய் அலுமாரியில் மடித்து வைப்பது போல மடித்தாள்.

அவளுடைய காரை அங்கேயே விட்டுவிட்டு, என்னுடையதில் அவளையும் கறுவாவையும் கூட்டி வந்தேன். பெட்டியையும் ஏற்றினேன். வீட்டுக்கு வந்ததும் கம்பளத்தைக் கிழித்தெடுத்து, பலகைகளை வெட்டி, பட்டறைக் குப்பையோடு போட்டேன். அவள் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று, செய்தி கேட்டு வந்த அரவிந்திடம் சொன்னேன். அவன் முற்றத்தில் நின்றுகொண்டே, "துளை எல்லாம் கீழதான இருந்துச்சு அங்கிள்? மேல போட்ட சால்வை எப்படி மூடும்?" என்று கேட்டான். கறுவாவை வாங்கிக்கொண்டு வைத்தியரிடம் போனவன் அவன்தான். நுரையீரலில் என்ன இருந்தது என்று அவர் எழுதியதால்தான் நீங்கள் இன்று என் வரவேற்பறையில் இருக்கிறீர்கள். அரவிந்தில் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பையன். அவன் அழைத்தால் பிரணவி போனை எடுப்பதில்லை.

தெற்குத் தீவிலிருந்து இரண்டொரு தடவை அழைத்தார்கள். பறவை இல்லாவிட்டாலும் வரலாம், இங்கே வேறு பறவைகள் இருக்கின்றன என்றார்கள். என் கையில் பறவையைத் தராதீர்கள் என்று அவள் சொன்னாள். அதன் பிறகு அவர்களும் அழைக்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கேதீஸ்வரனாகிய நான், தெரிந்தே, வேண்டுமென்றே, அந்தப் பருந்தைக் கொன்றேன். சால்வை ஒன்றும் செய்யவில்லை. பிரணவி ஒரு பிழையும் விடவில்லை. தண்டம் என்றால் கட்டுகிறேன், மறியல் என்றால் சிறைக்குப் போகிறேன். மறியல் என்றால் மட்டும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். அவளுக்குச் சமைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். நான் ஊட்டாவிட்டால் சாப்பிட மாட்டாள். நேற்றும் இரண்டு வாய்தான் வாங்கினாள், அதையும் விழுங்காமல் வைத்திருந்தாள். மறுபடி பேச்சும் நின்றுவிட்டது. ஆனால் நான் காரை நிறுத்தும் சத்தம் கேட்டால் எழும்பி உட்காருகிறாள்.

அறைக் கதவைத் தட்டி அவளிடமும் கேட்க வேண்டும் என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சால்வைதான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டே இருக்கட்டும். அந்த நினைப்போடு வாழ அவளுக்கு நான் துணையிருப்பேன். உண்மையைச் சொல்லி, பாவம், அந்தப் பிள்ளையைத் தனியாக விட்டுவிடாதீர்கள். அவளுக்கு இப்போது என்னை விட்டால் இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.