எரிந்த துணியின் வெளிச்சம்

— "துணிதான் எரிஞ்சு போச்சே வாப்பா, பெறகு என்னது வெளிச்சம் குடுக்குது?" பெட்ரோமாக்ஸ் வெளக்கு மேண்டில் துணிய மொதத் தடவ பத்தவச்சப்ப எம் மக சாரா இப்படித்தான் கேட்டா, அம்மாக்கண்ணு. நீ கேக்காமலே கழுவிட்ட.

— கோயில் லைட்டு கண்ணாடியத்தான் தொடச்சேன், நூர்தீன் நானா. உள்ள துணி கரி புடிச்சிருந்திச்சு. திரித்துணி மாதிரி அலசிருவோம்னு ஈரக் கைய வச்சேன். பொடியா உதிர்ந்திருச்சு.

— அது துணியில்ல. துணி மொத நாளே எரிஞ்சிரும். அதுல ஊறின உலோகத்துச் சாம்பல்தான் வலையா நிக்கும். அது எரியாது, சூட்டுல வெளிச்சம் விடும். ஆனா விரல் பட்டா உதிரும்.

— யாரு விரல் பட்டாலுமா?

— தோட்டத்துத் தொரை விரல் பட்டாலுந்தான்.

— கோயில் தலைவர் வீரய்யா நம்பணுமே. பொழுது சாஞ்சா கோயில்ல காமன் கூத்து, இந்த லைட்டுலதான் ஆடணும். தாலியறுத்தவ கை பட்டுத்தான் சாமி லைட்டு கெட்டுச்சும்பாங்க. கோயில் கூட்டுற வேலையாவது இருக்கேன்னு கெடக்கேன். அந்த வாசலும் அடைபட்டுரும், நானா.

— இங்க பாரு. இந்தப் புது மேண்டில்ல பெரும்பங்கு தோரியமாம். அது மட்டும்னா மங்கலாத்தான் எரியும். சீரியம்னு இன்னொரு உலோகம், நூத்துல ஒரு பங்கு சேந்தாத்தான் இந்தப் பிரகாசம். கொழும்பு ஏஜண்டு சொன்னாரு. என் சுருட்டு லைட்டர் கல்லுலயும் அதுதான், ஒரசினா பொறி பறக்கும். வெளங்குதா?

— அம்புட்டுக் கொஞ்சமா?

— அம்புட்டுக் கொஞ்சந்தான். கடையில யாருமில்ல, மடியில வச்சுக்க. ஆளுங்க வாறதுக்குள்ள கட்டி, மொத எரிப்ப முடிச்சிரு. பெறகு தொடாத.

— வெலைய எம் பேர்ல எழுதிக்குங்க.

— அதை ஒம் புருசன் எப்பவோ குடுத்துட்டான்.

— அவரு செத்து மூணு வருசமாச்சே.

— அதுக்கு முந்தி. மண்ணு சரிஞ்சு எங்க காரு ஒங்க தோட்டத்து வளைவுல நின்னுபோச்சு. அடை மழை, கும்மிருட்டு. எம் பொண்டாட்டிக்கு வலி. எங்க உம்மாதான் புள்ளைய எடுத்தாங்க. அவன் கோயில் லைட்டத் தூக்கியாந்து, மூஞ்சிய அந்தப் பக்கமாத் திருப்பிக்கிட்டு, கடைசி வரைக்கும் ஏந்திக்கிட்டு நின்னான்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, அந்த மனுசன்.

— கேக்காம எடுத்த லைட்டு, யாருக்கும் சொல்லாதீங்கன்னான். இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

— அந்தப் புள்ள?

— அதுதான் வெளிச்சத்தப் பத்தி அந்தக் கேள்வியக் கேட்ட புள்ள, சாரா.